தெரியாதிருத்தலின் வரலாறு: முக அறுவையில் ‘இயல்பு’ என்னும் அளவுகோல்

முகத்தை நுணுக்கமாகத் திருத்தும் அழகியல் அறுவை சிகிச்சை இன்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் ஒரே செய்திதான்: செய்தது வெளியே தெரியக்கூடாது. மூக்குத்தண்டு சற்றே தாழ்த்தப்படலாம். இமையின் தொங்கல் சிறிது நீக்கப்படலாம். மோவாய் சற்று முன்னகர்த்தப்படலாம். ஆயினும் பார்ப்பவர் கண்ணுக்கு அம்முகம் பிறவியிலேயே அவ்வாறு அமைந்ததாகத் தோன்ற வேண்டும். ‘இயல்பான தோற்றம்’, ‘முகச் சமநிலை’ ஆகிய இரண்டும் இத்துறையின் குறிக்கோள்களாகிவிட்டன. நுகர்வுப் பண்பாட்டின் அண்மைக்கால விருப்பமாகவே பலர் இதனைக் கருதுகின்றனர். ஆனால் அறுவை தெரியாதிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்தியத் துணைக்கண்டத்தில் மிகப் பழையது. அதன் தொடக்கம் அழகு குறித்த ஆசையில் இல்லை. அவமானத்திலிருந்து மீளும் முயற்சியில் இருக்கிறது.

தமிழ் வழக்கே இதற்கு முதற்சான்று. லட்சணமான முகத்தை ‘மூக்கும் முழியுமாக’ இருப்பதாகச் சொல்வது வழக்கம். அத்தொடரில் நீளம், அகலம், நிறம் எதுவும் குறிக்கப்படுவதில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பது மட்டுமே சுட்டப்படுகிறது. அதே மூக்கை வைத்து மற்றொரு தொடரும் வழங்குகிறது: ‘மூக்கறுபடுதல்’. பலர் முன்னிலையில் மானமிழப்பது என்பது அதன் பொருள். ‘மூளி’ என்ற சொல்லும் உறுப்புக் குறையையும் அணியின்மையையும் ஒருசேரக் குறித்து வசையாக நிலைத்துவிட்டது. அழகைச் சொல்லவும் அவமானத்தைச் சொல்லவும் ஒரே உறுப்பை மொழி தேர்ந்துகொண்டது தற்செயலன்று. மூக்கறுப்பு இங்கே உவமையாவதற்கு முன் உண்மையான தண்டனையாகவும் போர்முறையாகவும் இருந்தது. சூர்ப்பணகை கதை அதன் காவிய வடிவம். 1650களில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜனின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டோரின் மூக்கை மேலுதட்டோடு அறுத்த நிகழ்வு அதன் வரலாற்று வடிவம். முதுமையுற்றிருந்த திருமலை நாயக்கருக்குத் துணையாக இராமநாதபுரம் சேதுபதி படை திரட்டி வந்து அப்படையை விரட்டினார். பின்னர் மதுரைப் படையும் மைசூர் எல்லைக்குள் சென்று அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. இயேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களில் பதிவான இப்போரைத் தமிழக வரலாறு ‘மூக்கறுப்புப் போர்’ என்றே அழைக்கிறது.

மூக்கை அறுத்தவர்களின் நோக்கம் உயிரைப் பறிப்பது அன்று. தோல்வியைச் சுமந்தபடி அவர் வாழ்நாள் முழுதும் நடமாட வேண்டும் என்பதே நோக்கம். முகம் இங்கே ஓர் ஆவணமாகிவிடுகிறது. வெள்ளையர் ஆட்சியும் இவ்வழக்கத்தைத் தன் பாணியில் தொடர்ந்தது. வங்காளம், சென்னை மாகாணங்களில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தையும் தண்டனையையும் பச்சை குத்தும் முறை இருந்தது. கோத்னா எனப்பட்ட அந்தப் பச்சையைத் தலைப்பாகையைத் தாழ்த்திக் கட்டியும், முடியை முன்னே வளரவிட்டும் கைதிகள் மறைக்க முயன்றனர். 1849இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனால் 1858 மார்ச் மாதம் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு அந்தமானில் இறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கியபோது அரசின் எழுத்து நெற்றியிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. அந்தமான் கைதிகள் எண்ணும் தண்டனை விவரமும் பொறித்த மரவில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தனர். வில்லையைக் கழற்ற ஒரு நாள் வரும். நெற்றியில் எழுதியதையும் அறுபட்ட மூக்கையும் கழற்ற முடியாது. அழிக்க முடியாத அந்த எழுத்தை அழிக்கும் முயற்சியே முகச் சீரமைப்பு அறுவையின் முதல் பணி.

சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 16ஆம் அத்தியாயம் இங்கே கவனத்திற்குரியது. அந்த அத்தியாயம் மூக்கிலிருந்து தொடங்கவில்லை, காதிலிருந்து தொடங்குகிறது. குழந்தைக்குக் காது குத்துதல், மடலை நீட்டுதல், நீட்டும்போது அறுந்துவிட்டால் ஒட்டுதல் என்ற வரிசையில் அது நகர்கிறது. அறுந்த காதை இணைக்க 15 முறைகளைக் கூறிவிட்டு, இறுதியில்தான் மூக்கிற்கு வருகிறது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுக்க வேண்டும். அதே அளவில் கன்னத்திலிருந்து தோலைக் கிளப்ப வேண்டும். ஒரு முனை உடலோடு ஒட்டியிருக்கும்படி விட வேண்டும். மூக்கின் அடியைக் கீறிப் புண்ணாக்கி அதில் பொருத்த வேண்டும். உள்ளே இரு குழல்களை வைத்து உயர்த்த வேண்டும். பதிமுகம், அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவிப் பஞ்சால் மூடி எள்ளெண்ணெய் விட வேண்டும். ஆறிய பிறகும் வேலை முடிவதில்லை. குறைவாக இருந்தால் வளர்க்கவும், தசை மிகுந்திருந்தால் சமமாக்கவும் நூல் பணிக்கிறது. மூச்சுவிட வழி செய்ததோடு மருத்துவர் நின்றுவிடக் கூடாது, தோற்றம் ஒத்துவரும் வரை திருத்த வேண்டும் என்பதே இதன் பொருள். அந்த இலை நோயாளியின் சொந்த மூக்கின் அளவு என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது.

சுஸ்ருதரைக் கொண்டாடும் மேடைகள் வழக்கமாக இங்கிருந்து ஒரே தாவலில் 18ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிடுகின்றன. இடையில் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கவனிப்பது நல்லது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்னும் மராட்டியர் 1792இல் திப்புவின் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்தபின் புனேவுக்கு அருகில் ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்தார். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே ஆகிய ஆங்கில மருத்துவர்கள் இவ்வகை அறுவையை நேரில் கண்டனர். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் பி.எல். என்ற முதலெழுத்துகளோடு வெளியான கடிதம் இதனை உலகறியச் செய்தது. ஜேம்ஸ் வேல்ஸ் வரைந்த காவஸ்ஜியின் உருவப்படமும் அதனோடு வந்தது.

அக்கடிதம் விவரிக்கும் முறை சுஸ்ருதருடையது அன்று. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடியில் பொருத்தி, நல்ல தோற்றம் வரும்வரை மூக்காக வடிவமைக்கிறார் கைவினைஞர். பின் அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடிடுகிறார். அக்கோட்டின்படி தோலைக் கிளப்புகிறார். புருவங்களுக்கிடையே ஒரு சிறு காம்பு மட்டும் அறுபடாமல் இருக்கிறது. அக்காம்பின் வழியே குருதி ஓடுவதால் தோல் சாவதில்லை. அதைத் திருப்பிக் கீழே இறக்கி மூக்கின் அடியில் செதுக்கிய பள்ளத்தில் செருகுகிறார். தையல் இல்லை. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் தடவிய துணிப்பட்டைகளே இணைப்பைக் காக்கின்றன. நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. 10ஆம் நாள் நாசித்துளைகளில் மென்துணி. ஏறத்தாழ 25ஆம் நாள் காம்பை அறுத்து, தோற்றம் மேம்படச் சிறு திருத்தம். புதிய மூக்கு ஏறக்குறைய இயற்கை மூக்கைப் போலவே தோன்றுவதாகவும், நெற்றித் தழும்பு காலப்போக்கில் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை என்றும் கடிதம் முடிகிறது. இன்றைய அழகியல் அறுவை மருத்துவர் தன் வெற்றியை அளக்கும் அதே இரு கேள்விகள் அங்கே ஏற்கெனவே உள்ளன: இயல்பாக இருக்கிறதா? தழும்பு தெரிகிறதா?

கன்னத்துக்குப் பதில் நெற்றி, இலைக்குப் பதில் மெழுகு, மருத்துவ நூல் கற்ற வைத்தியருக்குப் பதில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த கைவினைஞர் என மூன்று மாற்றங்கள் நிகழ்ந்திருக்கின்றன. கடிதம் வண்டியோட்டியின் பெயரைச் சொல்கிறது. மருத்துவர்களின் பெயரைச் சொல்கிறது. மூக்கைச் செய்தவரின் சாதியை மட்டும் சொல்லிப் பெயரை விட்டுவிடுகிறது. மண்ணைக் குழைத்து வடிவெடுக்கும் கைப்பழக்கமும் மெழுகைப் பிடித்து வடிவெடுக்கும் கைப்பழக்கமும் அருகருகே உள்ளவை. சமூகப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களிடம் இவ்வறிவு தலைமுறைகளாக வாழ்ந்தது என்பது, ‘பண்டைய பெருமை’ பேசும் உரைகளில் விடுபட்டுப்போகும் செய்தி. சுதேச மருத்துவத்தின் வரலாற்றை ஏடுகளிலிருந்து மட்டும் எழுதினால் இப்பெயரில்லாதவர் மீண்டும் ஒருமுறை விடுபடுவார்.

கடிதம் லண்டனை அடைந்து 20 ஆண்டுகள் கழித்து, 1814 அக்டோபரில் ஜோசப் கார்ப்யூ செல்சியில் இம்முறையை ஓர் இராணுவ அதிகாரிக்குச் செய்தார். அதற்கு முன் பிணங்களின்மேல் பலமுறை பழகியிருந்தார். 1816இல் இரு அறுவைகளைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. 1818இல் ஜெர்மனியில் கார்ல் ஃபான் கிரேஃபே ரைனோபிளாஸ்டிக் என்ற பெயரிலேயே நூல் எழுதினார். இந்தியாவில் இப்பணி நின்றுவிடவில்லை. ஜுனாகத் சமஸ்தானத்தில் பணியாற்றிய திரிபுவன்தாஸ் மோதிசந்த் ஷா, நூற்றுக்கும் மேற்பட்ட மூக்குச் சீரமைப்பு அனுபவத்தை 1889இல் நூலாக்கினார்.

அதே காலத்தில் மேற்கில் கேள்வி இடம் மாறியது. 1887இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜான் ஆர்லாண்டோ ரோ, மேல்நோக்கிய சப்பை மூக்கை நாசித்துளையின் உள்வழியாகவே திருத்தும் முறையை வெளியிட்டார். வெளியே தழும்பே இல்லை. 1898இல் பெர்லினில் ழாக் ஜோசப் பெரிய மூக்கைச் சிறிதாக்கும் அறுவையைச் செய்தார். பின்னர் அவரும் உள்வழி முறைக்கு மாறினார். ஜோசப்பின் நோயாளிகளில் யூதர் பலர். யாரும் அவர்களுடைய மூக்கை அறுக்கவில்லை. ஆயினும் அம்மூக்கே தெருவில் அவர்களை இனங்காட்டி ஏளனத்துக்கு உள்ளாக்கியது. கூட்டத்தில் கவனிக்கப்படாமல் நடந்து போவதையே அவர்கள் வேண்டினர். காவஸ்ஜிக்கு இழந்த மூக்கு திரும்பக் கிடைத்தது. பெர்லின் நோயாளிக்கோ இருந்த மூக்கே போனது. இருவரும் தேடியது கவனிக்கப்படாதிருக்கும் உரிமையைத்தான். எனினும் இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. முதலாவதில் குற்றம் வெட்டியவனுடையது என்பது யாவருக்கும் தெரியும். இரண்டாவதில் பார்ப்பவனின் வெறுப்பு திருத்தப்படாமல் பார்க்கப்பட்டவரின் முகம் திருத்தப்பட்டது. ‘இயல்பு’ என்ற சொல்லின் இருமுகம் இங்கே முதன்முறையாகத் தெளிவாகத் தெரிகிறது.

இவ்விரு முகங்களையும் ஒருசேரக் காட்டும் நிகழ்வு தமிழ்நாட்டிலேயே உண்டு. 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தபின் தொழுநோய் குணமாகக்கூடியதாயிற்று. ஆனால் கிருமி ஒழிந்த பின்னும் முகம் பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருந்தது. புருவம் உதிர்ந்திருக்கும், மூக்கின் நடுத்தண்டு உள்ளே சரிந்து முகம் குழிந்திருக்கும். நோயற்றவர் என்ற மருத்துவச் சான்றை விட, அந்த முகத்தையே ஊர் நம்பியது. வேலை கிடைக்கவில்லை, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பிச்சையெடுக்கும் தொழுநோயாளரைப் பிடித்து அடைக்க இடமளித்த 1898ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் இருந்தது. அது நீக்கப்பட்டது 2016இல்தான்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்தில் ராபர்ட் காக்ரேன் காட்டிய நோயாளிகளின் மடங்கிய கைகளே அவரை இத்துறைக்கு இழுத்தன. கைகளைச் சீராக்கினால் உழைத்து வாழலாம் என்று தொடங்கிய பணி விரைவில் முகத்துக்கு வந்து சேர்ந்தது. சீரான கையோடு சென்றவரையும் முகம் பார்த்துத் திருப்பியனுப்பினர். சரிந்த மூக்கிற்கு நெற்றித் தோலைக் கொண்டுவரும் பழைய முறை இங்கே பொருந்தவில்லை. தொழுநோயில் வெளித்தோல் அழிவதில்லை. உட்புறச் சவ்வும் குருத்தெலும்பும் சிதைந்து சுருங்கியதால் தோல் உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பிரித்தானிய மருத்துவர் ஹெரால்டு கில்லீஸ் வகுத்த முறையின்படி, மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே திறந்து, ஒட்டியிருந்த தோலை உள்ளிருந்து விடுவித்து, புதிய உட்தோலை ஒட்டித் தாங்கு கொடுத்து மூக்கை உயர்த்தினர். வெளியே ஒரு கீறலும் இல்லை. நோயாளியின் சொந்தத் தோலே சொந்த மூக்காக மீண்டும் எழுந்தது. 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி ஆய்வு மருத்துவமனை இப்பணிகளைப் பரவலாக்கியது. கில்லீஸிடம் பயின்ற நோஷிர் அந்தியா, புனேவை ஒட்டிய கோந்த்வா தொழுநோய் மருத்துவமனையில் முகச் சீரமைப்பைத் தொடர்ந்தார். காவஸ்ஜிக்கு மூக்கமைத்த நிலப்பகுதிக்கே அக்கலை வேறு வடிவில் திரும்பியது.

வேலூர்ப் பணியில் புருவம் பற்றிய செய்தி தனித்து நோக்கத்தக்கது. தலையின் முடியுள்ள தோல் துண்டை அதன் குருதிக் குழாயோடு கொண்டுவந்து புருவ இடத்தில் பொருத்தினர். அது தலைமுடி ஆகையால் வளர்ந்துகொண்டே இருக்கும்; அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். நோயாளிகள் சிலர் பெருமிதத்தால் அதைக் கத்தரிக்காமல் நீள வளர்த்ததைப் பிராண்ட் தம் நினைவுகளில் குறிப்பிடுகிறார். மருத்துவர் விரும்பியது யாரும் கவனிக்காத புருவம். நோயாளி விரும்பியதோ எல்லோரும் காணும் புருவம். இல்லாமை எத்தனை ஆண்டுகள் பிறர் கண்ணில் பட்டதோ அத்தனை ஆண்டுக்கும் ஈடாக இருத்தல் தெரிய வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். எது இயல்பு என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது என்ற கேள்வியை இதைவிட எளிமையாக எழுப்பும் சான்று அரிது.

இயல்பின் வரையறை ஒரே தலைமுறையில் மாறக்கூடியது என்பதற்குத் தென்தமிழகக் காதுகள் சான்று. பாம்படமும் தண்டட்டியும் அணிவதற்காகப் பெண்குழந்தையின் காதைக் குத்திக் கனமேற்றித் தோள் நோக்கி நீட்டினர். நீளாத காதே அங்கே குறையாகக் கருதப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கல்வியும் நகரப் பழக்கமும் பரவியபோது நீண்ட காது ‘பட்டிக்காடு’ ஆயிற்று. பலர் நீண்ட மடலை அறுத்துத் தைத்துச் சிறிதாக்கிக்கொண்டனர். பாட்டிக்கு அழகாயிருந்த காது பேத்திக்கு மறைக்க வேண்டியதாயிற்று. உடற்கூறு மாறவில்லை, பார்க்கும் கண்தான் மாறியது. நீட்டுவதும் ஒட்டுவதும் ஒரே அத்தியாயத்தில் இடம்பெற்ற சுஸ்ருத சம்ஹிதைக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

இன்றைய ‘முகச் சமநிலை’ எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கப்படுகிறது என்ற கேள்வி இந்தப் பின்னணியில்தான் எழ வேண்டும். நெற்றி, மூக்கு, மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை என முகத்தை மூன்று சமபாகங்களாகப் பிரிக்கும் விதி ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியர்களிடமிருந்து அறுவை நூல்களுக்கு வந்தது. இந்தியச் சிற்பநூல்களின் தாளமானத்திலும் ஏறத்தாழ அதே விதி உண்டு. 12 அங்குல முகத்தில் மூன்று பகுதிக்கும் நான்கு நான்கு அங்குலம். ஸ்தபதிகள் அவ்விதியைக் கொண்டு தெய்வத் திருமேனிகளை வார்த்தனர். வார்ப்பவரின் முகத்தையோ வணங்குபவரின் முகத்தையோ அதைக் கொண்டு யாரும் அளந்து குறை கண்டதில்லை. மறுமலர்ச்சி விதிகளை உயிருள்ள மனிதர்மேல் வைத்துச் சோதித்த கனடிய அறிஞர் லெஸ்லி ஃபர்காஷ், அவற்றுள் பல வெள்ளையின இளைஞர்களுக்கே பொருந்தவில்லை என்று 1985இல் காட்டினார். வேறு மக்கள் குழுக்களுக்கு அவை பொருந்தும் என்று எதிர்பார்க்க இடமேயில்லை.

விபத்தாலோ நோயாலோ பிறவிக் குறையாலோ சிதைந்த முகத்தை மீட்பதும், தன் விருப்பப்படி சிறு திருத்தம் செய்துகொள்வதும் ஒருவரின் உரிமை. அவ்விருப்பத்தை வெறும் ஆடம்பரம் என்று இகழ்வதற்கு இவ்வரலாறு இடந்தரவில்லை. கவனிக்கப்படாமல் வாழ்வது சிலருக்குப் பிறப்பாலேயே கிடைத்துவிடுகிறது. சிலருக்கோ அதற்கு அறுவை மேசை வரை செல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இரு அளவுகோல்களைப் பிரித்தறிவது அவசியம். சுஸ்ருதரின் இலை, புனேக் கைவினைஞரின் மெழுகு, வேலூரில் உள்ளிருந்து விடுவிக்கப்பட்ட தோல் ஆகிய மூன்றும் அந்த ஒரு மனிதரின் முகத்திலிருந்தே அளவெடுத்தன. அட்டவணையிலிருந்தும், வேற்றினத்து முகத்திலிருந்தும், திரையில் மீண்டும் மீண்டும் வரும் ஒரே சாயலிலிருந்தும் அளவெடுப்பது வேறு மரபு. முதலாவது ஒருவரை அவருடைய முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது ‘இயல்பு’ என்ற பெயரில் பல முகங்களை ஒன்றாக்குகிறது. மூக்கையும் முழியையும் ஒன்றோடொன்று வைத்து மட்டுமே அழகைச் சொன்ன தமிழ்த்தொடர், முதல் மரபின் பக்கமே நிற்கிறது.